ஆஸ்பத்திரி எட்டாத இடத்தில் வைத்தியம்: கிளம்பும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

அகதி முகாமுக்கோ மலையேற்றக் குழுவோடோ பனிக்கண்டத்து ஆய்வு நிலையத்துக்கோ கிளம்பும் இளம் டாக்டர்களும் நர்ஸ்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. சிலவற்றுக்கு ஒரு வரி போதும், சிலவற்றுக்கு ஒரு பக்கமும் போதாது. மருந்தளவுகள் ஒரு அறிமுகத்துக்குத்தான். வேலைக்குப் போகிறவர்கள் தங்கள் அமைப்பின் கையேட்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும்.

முகாம், மலை, பனிக்கண்டம் எல்லாம் ஒரே வேலைதானா?

இல்லை. முகாமில் கூட்டம் அதிகம், கருவி குறைவு. காலையில் கூடாரத்தைத் திறக்கும்போதே வரிசை நிற்கும். மலையேற்றக் குழுவில் இருப்பது பத்துப் பதினைந்து திடமான ஆட்கள். டாக்டரின் நாள் பெரும்பாலும் காலில் கொப்புளம், வயிற்றுப்போக்கு, பல்வலி, வெயிலில் வெந்த உதடு என்று போய்விடும். அண்டார்க்டிகா இன்னொரு ரகம். பிரான்சும் இத்தாலியும் சேர்ந்து நடத்தும் கான்கார்டியா நிலையம் 3,233 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் அங்கே விமானம் இறங்காது. நோயாளியே வராத வாரங்கள் இருக்கும். வந்துவிட்டால் அனுப்ப இடம் இருக்காது.

மூன்றுக்கும் பொதுவானது ஒன்று உண்டு. "இவரை எங்கே அனுப்புவது, போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகும்?" என்ற கேள்வி, நோய் என்ன என்ற கேள்விக்கு முன்பே வந்து நின்றுவிடும். நகரத்து ஆஸ்பத்திரியில் இதை யாரும் கேட்டுக்கொள்வதில்லை, லிஃப்டில் ஏற்றினால் வேலை முடிந்தது.

நான் சர்ஜன் இல்லை. என்னைப் போன்றவர்களால் என்ன பயன்?

சர்ஜனை விட உங்களைத்தான் அதிகம் தேடுவார்கள். பொது மருத்துவர், நர்ஸ், பிரசவம் பார்க்கத் தெரிந்தவர், மருந்தாளுநர், தண்ணீர் இணைப்பு போடும் பொறியாளர் எல்லோரும் வேண்டும். சொல்லப்போனால் அந்தப் பொறியாளர் நம்மைவிட அதிக உயிரைக் காப்பாற்றுகிறார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நிவாரணப் பணிக்கான ஸ்ஃபியர் அளவுகோலின்படி ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீரும், 20 பேருக்கு ஒரு கழிப்பறையும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் குறைந்தால் அடுத்த வாரம் உங்கள் கூடாரத்தில் படுக்கை போதாது.

முகாமில் அன்றாடம் என்ன நோய் வரும்?

பெயர் தெரியாத வெப்பமண்டல நோய்களை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். வருவது வயிற்றுப்போக்கு, நிமோனியா, தட்டம்மை, மலேரியா, ஊட்டக்குறைவு. அப்புறம் பிரசவம். அப்புறம் நீரிழிவு, ரத்த அழுத்தம், வலிப்பு என்று வீட்டில் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்த அவசரத்தில் மாத்திரையை விட்டுவிட்டு வருவார்கள். இவர்களை ரொம்ப நாள் யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை.

முகாம் அமைந்ததும் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று தட்டம்மைத் தடுப்பூசி. வழக்கமாக ஆறு மாதக் குழந்தையிலிருந்து 15 வயதுப் பிள்ளை வரை போடுவார்கள், கூடவே வைட்டமின் ஏ. நெருக்கமாக வாழும் இளைத்த பிள்ளைகளிடையே தட்டம்மை புகுந்தால் காட்டுத்தீதான்.

காலரா வந்தால் என்ன செய்வது?

முதன்முதலில் காலரா கூடாரத்துக்குள் நுழைந்தபோது என் கண்ணில் பட்டவை வாளிகள். கட்டிலின் நடுவே வட்டமாக ஓட்டை, அதன் கீழ் ஒரு வாளி, தலைமாட்டில் வாந்திக்கு ஒரு வாளி. வாளியின் உட்பக்கம் லிட்டர் கோடுகள். கேஸ் ஷீட்டை விட அந்தக் கோடுகளைத்தான் நர்ஸ்கள் அடிக்கடி பார்த்தார்கள். அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி போகும், கடுமையான காலராவில் மணிக்கு ஒரு லிட்டர் வரை கூடப் போகும். எவ்வளவு போகிறதோ அவ்வளவும் உள்ளே போயாக வேண்டும், சிகிச்சை என்பது பெரும்பாலும் இந்தக் கணக்குதான்.

நினைவு தப்பி, நாடி பிடிபடாமல் வருபவருக்கு ரிங்கர் லாக்டேட் என்ற உப்புநீர் ட்ரிப். ஒரு வயதுக்கு மேற்பட்டவர் என்றால் கிலோவுக்கு 30 மி.லி. முதல் அரை மணியில், அடுத்த 70 மி.லி. இரண்டரை மணியில். 50 கிலோ ஆளுக்கு மூன்று மணி நேரத்தில் ஐந்து லிட்டர். புதிதாக வருகிறவர்கள் இந்த அளவைப் பார்த்துத் தயங்கி மெதுவாக விடுவார்கள், அந்தத் தயக்கம் ஆளைக் கொன்றுவிடும். எழுந்து உட்காரத் தெம்பு வந்ததும் ஓஆர்எஸ்ஸுக்கு, அதாவது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைத் தூளுக்கு, மாற்றிவிடலாம்.

அந்தத் தூளுக்குப் பின்னால் ஒரு முகாம் இருக்கிறது. 1971 வங்கதேசப் போரின்போது எல்லை தாண்டி வந்தவர்கள் நிறைந்திருந்த போங்காவ் முகாமில் காலரா பரவியது. ட்ரிப் பாட்டில் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மஹாலனாபிஸ் என்ற மருத்துவர் குளுக்கோஸ், சாப்பாட்டு உப்பு, சோடா உப்பு மூன்றையும் பொட்டலம் போட வைத்து, டிரம்களில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த இறப்பு, 3.6 சதவீதமாக இறங்கியது. குடலில் குளுக்கோஸ் உள்ளே போகும்போது சோடியத்தையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும், அவற்றோடு தண்ணீரும் போகும். அந்த வாசல் காலராவிலும் மூடுவதில்லை. இதெல்லாம் ஆய்வகத்தில் முன்பே தெரிந்திருந்தது. டாக்டர் இல்லாமல் ஒரு அம்மாவே இதைக் கொடுக்க முடியும் என்பதைக் காட்டியது அந்த முகாம்.

நான் பார்த்த ஒரு ராத்திரி: அறுபது வயதிருக்கும் ஒருவர், பக்கத்தில் அவருடைய மகள், கையில் தம்ளரும் கரண்டியும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி ஒரு கரண்டி. விடியும்வரை அந்தப் பெண் நகரவே இல்லை. நாங்கள் செய்தது, இரண்டு முறை ஜாடியை நிரப்பிக் கொடுத்தோம், அவ்வளவுதான்.

ஊட்டக்குறைவை எப்படிக் கண்டுபிடிப்பது? எடை பார்க்கும் மெஷின் கூட இல்லையே?

கை நாடா போதும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான பிள்ளையின் இடது மேற்கையில் சுற்றிப் பார்க்கிறோம். 115 மில்லிமீட்டருக்குக் கீழே சிவப்பு, கடுமையான ஊட்டக்குறைவு. 125-க்குக் கீழே மஞ்சள், மிதமானது. இரண்டு பாதத்திலும் கட்டைவிரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். வீங்கிய பிள்ளை கொழுகொழுவென்று தெரிந்து ஏமாற்றும்.

பசி இருந்து, வேறு சிக்கல் இல்லாத பிள்ளைக்கு 92 கிராம் வேர்க்கடலைப் பசைப் பொட்டலம், ஒன்றில் 500 கலோரி, வீட்டுக்கே கொடுத்தனுப்பலாம். பசியே இல்லாத பிள்ளையை உள்ளே வைத்துப் பார்க்க வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் ட்ரிப் போடக் கை பரபரத்தால் அடக்கிக்கொள்ளுங்கள். அதிர்ச்சி நிலையில் (ரத்த ஓட்டமே நலிந்துபோன நிலை) இல்லாத பிள்ளைக்கு வேகமாக நீரேற்றினால் அந்த மெலிந்த இதயம் தாங்காது.

லேப் இல்லை, எக்ஸ்ரே இல்லை. எதை வைத்து முடிவெடுப்பது?

கண், கை, காது, கடிகாரம். மூச்சு எண்ணுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். இருமும் பிள்ளையின் சட்டையைத் தூக்கி, அழாமல் இருக்கும்போது முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. அந்த எண்ணிக்கையைத் தொட்டால் நிமோனியா என்று மருந்து தொடங்கலாம். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கும் நகரத்துப் பழக்கம் இங்கே ஆகாது, பிள்ளைகளின் மூச்சு அவ்வளவு ஒழுங்காக ஓடாது.

பாம்புக்கடிக்கு ஒரு கண்ணாடிக் குழாய். இரண்டு மி.லி. ரத்தத்தை எடுத்து, காய்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் ஆடாமல் வைத்துவிட்டு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் நல்லது. தண்ணீர் மாதிரி வழிந்தால் ரத்தத்தைக் கெடுக்கும் விஷம் ஏறியிருக்கிறது, பெரும்பாலும் விரியன் வகையின் வேலை. விஷமுறிவு மருந்தைத் தொடங்கலாம், அது ஒத்துக்கொள்ளாமல் போனால் போட அட்ரினலினை ஊசியில் ஏற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பிளாஸ்டிக் குழாய் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவிய கண்ணாடியும் கூடாது. ஒரு முகாமில் சுத்தத்தில் அக்கறை கொண்ட உதவியாளர் ஒருவர் எல்லாக் குழாய்களையும் சோப்புத்தூள் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தார். எந்த ரத்தமும் உறையவில்லை. சந்தேகம் வந்து என் ரத்தத்தையே எடுத்துப் பார்த்தோம், அதுவும் உறையவில்லை!

மலேரியாவுக்குத் துரிதப் பரிசோதனைப் பட்டை உண்டு. கையடக்க ஸ்கேன் கருவி இப்போது சட்டைப்பையில் அடங்கும் அளவுக்கு வந்துவிட்டது. பார்க்கத் தெரிந்தவர் கையில் பொன், தெரியாதவர் கையில் டார்ச் லைட்.

மயக்க மருந்து மெஷின் இல்லாமல் ஆபரேஷன் செய்ய முடியுமா?

முடியும், கெட்டமின் இருப்பதால். நரம்பில் கிலோவுக்கு ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம். ஒரு நிமிடத்தில் வேலை செய்யும், பத்து பதினைந்து நிமிடம் தாங்கும். மூச்சும் ரத்த அழுத்தமும் பெரும்பாலும் கீழே விழாது. கண் திறந்தபடியே இருக்கும், ஆள் அங்கே இருக்க மாட்டார். எச்சில் ஊறும், விழிக்கும்போது சிலர் பயந்து அலறுவார்கள். இந்த மருந்து இல்லாவிட்டால் உலகத்தில் பாதி இடங்களில் கத்தியையே எடுக்க முடியாது என்று நான் சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் கொஞ்சம்தான்.

டாக்டருக்கே உடம்பு சரியில்லாமல் போனால்?

லியோனிட் ரோகசோவ் கதையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். 1961 ஏப்ரல் கடைசியில், அண்டார்க்டிகாவில் சோவியத் நாட்டின் நோவோலாசரெவ்ஸ்கயா நிலையத்தில், 27 வயது ரோகசோவுக்குக் குடல்வால் அழற்சி. நிலையத்தின் ஒரே டாக்டர் அவர்தான். வெளியே பனிப்புயல், விமானத்துக்கு வழியில்லை. பாதி சாய்ந்து படுத்து, வயிற்றுச் சுவரில் மட்டும் மரத்துப்போகும் ஊசி போட்டு, தானே அறுத்துக்கொண்டார். ஒருவர் கண்ணாடியைப் பிடிக்க, இன்னொருவர் காயத்தை விரித்துப் பிடித்தார். கண்ணாடியில் எல்லாம் இடம் வலமாகத் தெரிந்ததால் பெரும்பாலும் விரலால் தடவியே வேலை செய்தார். தலை சுற்றும்போது சில நொடி ஓய்வு, மறுபடி வேலை. மொத்தம் ஒன்றே முக்கால் மணி நேரம். இரண்டு வாரத்தில் பணிக்குத் திரும்பினார்.

வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் எனக்குப் பிடித்த பகுதி வேறு. ஆரம்பிக்கும் முன் உதவியாளர்களுக்கு அவர் ஒத்திகை கொடுத்தார், தான் மயங்கினால் எந்த ஊசி போட வேண்டும், எப்படி மூச்சு ஊத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். இன்று ஆஸ்திரேலியா தன் நிலையங்களில் குளிர்காலம் தங்கும் டாக்டர்களைக் குடல்வாலை முன்பே எடுத்துவிட்டு வரச் சொல்கிறது. சமையல்காரர், பிளம்பர் போன்ற சக ஊழியர்களுக்கு இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்து ஆபரேஷன் உதவியாளர்களாக ஆக்குகிறது.

1999-இல் தென்துருவ நிலையத்தின் டாக்டர் ஜெர்ரி நீல்சன் தன் மார்பில் கட்டியைக் கண்டுபிடித்துத் தானே சதையை எடுத்துச் சோதித்தபோது, புற்றுநோய் மருந்து ஜூலை இருட்டில் விமானத்திலிருந்து போடப்பட்டது. அவரை வெளியே கொண்டுவந்தது அக்டோபரில்தான். நீங்கள் போகும் இடத்தில் உங்களுக்குப் பதில் யார் என்று கேட்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

உயரமான மலையில் தலைவலி. எப்போது பயப்பட வேண்டும்?

கீழே இறங்கும் வரை எல்லாத் தலைவலியும் உயரத்தால் வந்ததுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நேர்கோட்டில் குதிகாலும் விரலும் தொடத் தொட நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளை வீங்கத் தொடங்கிவிட்டது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர். இரண்டுக்கும் மருந்து இறக்கம்தான், ராத்திரியானாலும் சரி, குறைந்தது சில நூறு மீட்டர். டெக்ஸாமெத்தசோன் 8 மில்லிகிராம், நிஃபெடிபின், ஆக்சிஜன், காற்றடைத்த அழுத்தப் பை எல்லாம் இறங்குவதற்கு அவகாசம் வாங்கித் தருபவை.

வராமல் தடுக்க, 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது. தேவைப்பட்டால் அசிட்டசோலமைட் 125 மில்லிகிராம் இரண்டு வேளை. எவரெஸ்ட் பாதையில் ஃபெரிச்சேயில் இமயமலை மீட்புச் சங்கம் நடத்தும் சிறு மருத்துவ நிலையத்தில், ஒவ்வொரு பருவத்திலும் இதையே பேச்சாகச் சொல்கிறார்கள். கேட்டுவிட்டு அவசரமாக மேலே போகிறவர்களும் ஒவ்வொரு பருவத்திலும் இருக்கிறார்கள்.

குளிரில் விறைத்தவர் இறந்துவிட்டார் என்று எப்போது சொல்லலாம்?

அவசரப்பட்டுச் சொல்லக்கூடாது. 1999-இல் நார்வேயில் பனிச்சறுக்கில் விழுந்து ஓடையின் பனித்தகட்டுக்கு அடியில் 80 நிமிடம் சிக்கிய அன்னா போகன்ஹோம் என்ற பெண்ணின் உடல் வெப்பம் 13.7 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. இதயம் நின்றிருந்தது. இதய நுரையீரல் இயந்திரத்தில் ரத்தத்தைச் சூடேற்றினார்கள். பிழைத்தார், பிறகு அதே ஆஸ்பத்திரியில் டாக்டராக வேலையும் பார்த்தார். குளிர்ந்த மூளைக்கு ஆக்சிஜன் தேவை குறைவு, அதுதான் காரணம்.

நம்மிடம் அந்த இயந்திரம் இருக்காது. ஈர உடையை வெட்டி எடுத்து, காற்றுப் புகாமல் சுற்றி, படுத்த நிலையிலேயே மெதுவாகத் தூக்குவதுதான் நம் வேலை. முரட்டுத்தனமாகப் புரட்டினால் குளிர்ந்த இதயம் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கி நின்றுவிடும். விரல் பனியில் உறைந்திருந்தால் தேய்க்காதீர்கள். மறுபடி உறைய வாய்ப்பிருந்தால் உருக்கவும் வேண்டாம். பாதுகாப்பான இடம் வந்ததும் 37 முதல் 39 டிகிரி வெந்நீர். வலி பயங்கரமாக இருக்கும், வலி மருந்தை முதலில் கொடுங்கள்.

ஒரே நேரத்தில் ஐம்பது பேர் வந்தால்?

ஆளுக்கு ஒரு நிற அட்டை: உடனே பார்க்க வேண்டியவருக்குச் சிவப்பு, கொஞ்சம் பொறுக்கக்கூடியவருக்கு மஞ்சள், லேசான காயத்துக்குப் பச்சை, பிழைக்க வாய்ப்பில்லாதவருக்குக் கறுப்பு. படிக்கும்போது எளிதாக இருக்கும். முதல் பத்து நிமிடம் யாருக்கும் சிகிச்சை செய்யாமல் வரிசையில் நடந்து அட்டை மட்டும் கட்டிக்கொண்டு போக வேண்டும், அதுதான் கடினம். பீறிடும் ரத்தத்தை அழுத்திக் கட்டுவது, மூச்சுப் பாதையைத் திறப்பது, அவ்வளவுக்கே அனுமதி. கத்துகிறவர் பெரும்பாலும் காத்திருக்கலாம், சத்தமில்லாமல் கிடப்பவரைப் போய்ப் பாருங்கள். ரத்தம் போகும் காயத்துக்கு டிரானெக்ஸாமிக் அமிலம் ஒரு கிராம், அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள். அதற்குப் பிறகு கொடுத்தால் கெடுதல்.

நிலநடுக்கம் என்றால் ஒரு தனி எச்சரிக்கை. இடிபாட்டில் பல மணி நேரம் கால் நசுங்கியவர் பேசிக்கொண்டே இருப்பார், கல்லைத் தூக்கியதும் இறந்துபோவார். நசுங்கிய தசையிலிருந்து பொட்டாசியமும் தசைப் புரதமும் ரத்தத்தில் பாயும், ஒன்று இதயத்தை நிறுத்தும், மற்றது சிறுநீரகத்தை அடைக்கும். அதனால் கல்லைத் தூக்கும் முன்பே, கிடக்கும் இடத்திலேயே சலைன் ஏற்றத் தொடங்க வேண்டும்.

கறுப்பு அட்டை கட்டியவரை அப்படியே விட்டுவிடக்கூடாது. ஒரு போர்வை, வலிக்கு மார்ஃபின், பக்கத்தில் உட்கார ஒரு ஆள். அந்த ஆள் டாக்டராக இருக்க வேண்டியதில்லை. மற்றவர்களைப் பார்த்து முடித்ததும் திரும்பி வந்து மறுபடி பாருங்கள், சில சமயம் அட்டையின் நிறத்தை மாற்ற வேண்டியிருக்கும்.

மருந்துப் பெட்டியில் என்ன எடுத்துப் போவது?

நீங்கள் எடுத்துப் போக வேண்டாம், அமைப்பு அனுப்பும். உலகச் சுகாதார நிறுவனத்தின் அவசரகாலப் பெட்டகம் ஒன்று 10,000 பேருக்கு மூன்று மாதம் என்ற கணக்கில் கட்டப்படுகிறது. பெட்டி என்றதும் எனக்கு ஆஸ்திரேலியாவின் பறக்கும் டாக்டர் சேவை நினைவு வரும். 1928-இல் தொடங்கிய அந்தச் சேவை, 1942 முதல் தொலைதூரப் பண்ணைகளில் எண் போட்ட மருந்துப் பெட்டிகளை வைத்தது. ரேடியோவில் டாக்டர் மருந்தின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, எண்ணைச் சொன்னால் போதும். எழுத்துக்கூட்டிக் குழம்புவதற்கே இடமில்லை.

குளிர்ச்சிச் சங்கிலியில், அதாவது மருந்தைக் கடைசிவரை குளிரிலேயே கொண்டுபோகும் ஏற்பாட்டில், எல்லோரும் வெப்பத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். பல தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், சரி. ஆனால் டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி ஊசிகள் உறைந்தாலும் கெட்டுவிடும். ஐஸ் கட்டியோடு ஒட்டவைத்து ரொம்பப் பத்திரமாகக் கொண்டுவந்து பாழாக்கிய பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். பிரசவ ரத்தப்போக்குக்கான ஆக்சிடோசினுக்கும் குளிர்ச்சி வேண்டும். அதே வேலைக்கான, வெப்பம் தாங்கும் கார்பெட்டோசின் 2019-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது ஒரு பெரிய நிம்மதி.

மொழி தெரியாமல் எப்படி?

மொழிபெயர்ப்பாளர் இருப்பார். நோயாளி இரண்டு நிமிடம் கண்ணீரோடு பேசுவார், மொழிபெயர்ப்பாளர் உங்கள் பக்கம் திரும்பி "வயிறு வலிக்கிறதாம்" என்பார். நடுவில் என்ன போனது என்று கேட்டே ஆகவேண்டும். நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து அல்ல. வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கு அவருடைய பிள்ளையையோ கணவரையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள், வேறு வழி இல்லாவிட்டால் அன்று அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுங்கள்.

பாதுகாப்பு?

1949-இன் ஜெனீவா ஒப்பந்தங்கள் மருத்துவமனையைத் தாக்கக் கூடாது என்கின்றன. 2015 அக்டோபர் 3 அன்று ஆப்கானிஸ்தானின் குந்தூஸில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் ஆஸ்பத்திரி மீது அமெரிக்க விமானம் குண்டு போட்டதில் 42 பேர் இறந்தார்கள். அது இருக்கும் இடத்தை முன்கூட்டியே எல்லாத் தரப்புக்கும் தெரிவித்திருந்தார்கள். 2016 மே மாதம் ஐ.நா. பாதுகாப்பு அவை, மருத்துவப் பணியைக் காக்க 2286-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதற்குப் பிறகும் தாக்குதல்கள் நிற்கவில்லை. ஆகவே சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்ற தைரியத்தில் மட்டும் போகாதீர்கள். பாதுகாப்பு அதிகாரி "இன்று வண்டி கிளம்பாது" என்றால் கிளம்பாது. நோயாளி காத்திருக்கிறார் என்று வாதாடாதீர்கள். வண்டியில் சீட் பெல்ட் போடுங்கள், குண்டைப் பற்றிக் கேட்கிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

இரண்டு வாரம் லீவு இருக்கிறது. ஒரு பேரிடர் நடந்த இடத்துக்குப் போய் உதவலாமா?

தனியாக, அழைப்பில்லாமல் என்றால் வேண்டாம். 2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் நிலநடுக்கம் வந்தபோது நல்ல மனதோடு பல குழுக்கள் இறங்கின. சிலரிடம் தங்க இடமும் தண்ணீரும்கூட இல்லை. சிலர் கால்களை வெட்டிவிட்டுக் குறிப்பு எதுவும் எழுதாமல் ஊர் திரும்பினார்கள். அந்தக் கசப்பில்தான் 2013-இல் உலகச் சுகாதார நிறுவனம் அவசரகாலக் குழுக்களுக்கு வகை பிரித்தது. இரண்டாம் வகைக் குழு என்றால் 20 படுக்கையும், நாளுக்கு ஏழு பெரிய ஆபரேஷனோ 15 சிறியதோ செய்யும் வசதியும் இருக்க வேண்டும், தன் சாப்பாடு, தண்ணீர், மின்சாரத்தைத் தானே கொண்டுவர வேண்டும். இரண்டு வாரத்தில் நீங்கள் இடத்தைப் பழகுவதற்குள் விமானத்துக்கு நேரமாகிவிடும். பணம் அனுப்புங்கள், அது உடனே போய்ச் சேரும்.

என்ன படித்துவிட்டுப் போக வேண்டும்?

லண்டனிலும் லிவர்பூலிலும் நடத்தும் வெப்பமண்டல மருத்துவப் பட்டயம், மலை மருத்துவப் பட்டயம் போன்றவை நல்லவை. ஆனால் ஆறு மாதம் ஒரு கூட்டமான பிரசவ வார்டிலும், ஆறு மாதம் குழந்தைகள் வார்டிலும் இருந்துவிட்டு வந்தவரைத்தான் நான் முதலில் எடுப்பேன். ஜெனரேட்டர், ஆக்சிஜன் செறிவூட்டி இவற்றின் ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யத் தெரிந்தால் இன்னும் நல்லது.

திரும்பி வந்த பிறகு கவனிக்க வேண்டியது உண்டா?

மலேரியா தடுப்பு மாத்திரையை விமானம் ஏறிய அன்றே நிறுத்தாதீர்கள். டாக்ஸிசைக்ளினும் மெஃப்ளோகுவினும் திரும்பிய பிறகு நான்கு வாரம், அடோவகோன்-புரோகுவானில் ஏழு நாள். காய்ச்சல் வந்தால், சளிக் காய்ச்சல்தான் என்று தோன்றினாலும், அன்றே ரத்தம் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கிருந்து எந்தத் தேதியில் வந்தீர்கள் என்பதை டாக்டர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். எபோலா பரவிய இடம் என்றால் 21 நாள் காலையும் மாலையும் வெப்பம் பார்த்து எழுதி வைக்க வேண்டும். தூக்கம் வராமல் இருக்கலாம், சூப்பர் மார்க்கெட்டில் எதை எடுப்பது என்று தெரியாமல் நின்றுவிடலாம், சின்ன விஷயத்துக்குக் கோபம் வரலாம். பெரும்பாலும் சில வாரத்தில் தணிந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் போகவில்லை என்றால் அனுப்பிய அமைப்பிடம் கேளுங்கள், பல அமைப்புகளில் இதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள்.